நா. காமராசன் கவிதையில் ‘நாங்கள்’



போடிநாயக்கனூரில் ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவைக் கொண்டாடுகின்றது. இவ்வேளையில் இவ்வூரை அடுத்த போ. மீனாட்சிபுரத்தில் பிறந்த கவிஞர் ஒருவரைப் பற்றிச் சிந்திப்பது பொருத்தம் உடையது. கவிஞர் நா. காமராசன் 1942ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 29ஆம் நாள் பிறந்தவர். 2017ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் மறைந்தவர். திரைப்படப் பாடல்களைக் கேட்டோர் அவரைப் பாடலாசிரியராக அறிவர். அரசியல் வரலாறு அறிந்தோர் அவரை 1965ஆம் ஆண்டின் மொழிப்போர் மாணவராக அறிவர். தமிழ் இலக்கியம் பயின்றோர் ‘கறுப்பு மலர்கள்’ ஆசிரியராக அறிவர். இம்மூன்று அடையாளங்களும் உண்மையானவை. எனினும் இவற்றின் வெளிச்சத்தில் நான்காவதாகிய ஒன்று மங்கிவிட்டது. அவர் ஒரு சோதனைக் கவிஞர் என்பதே அது. அவர் செய்த சோதனை யாது, அது எவ்விடத்தில் வென்றது, எவ்விடத்தில் தடைபட்டது என்பதை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கமாகும்.

சோதனை என்னும் சொல்

தமிழ்ப் புதுக்கவிதை வரலாற்றில் ‘சோதனை’ என்னும் சொல் பெரும்பாலும் வடிவத்தைக் குறித்தே வழங்கி வந்துள்ளது. பாரதியார் ‘காட்சி’ முதலிய வசன கவிதைகளை எழுதினார். அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மன் பற்றியும் அவர் எழுதியிருத்தலால், யாப்பின் கட்டை நெகிழ்த்தும் எண்ணம் அவர்க்கு இருந்தமை தெளிவு. 1934இல் ‘மணிக்கொடி’யில் ந. பிச்சமூர்த்தியின் ‘காதல்’ வெளிவந்தது. 1959இல் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ இதழைத் தொடங்கினார். அவ்விதழில் வந்த கவிதைகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட ‘புதுக்குரல்கள்’ தொகுப்பு 1962இல் வந்தது. யாப்பை விடுதல், படிமத்தை ஏற்றல், தனிமனித அகத்தை நோக்குதல் என்பனவே அக்கால விவாதங்களின் மையம்.

1971இல் கோவையிலிருந்து ‘வானம்பாடி’ எழுந்தபோது விவாதத்தின் திசை மாறிற்று. கவிதை யாருக்காக, யாரைப் பற்றி என்னும் வினாக்கள் முன்னுக்கு வந்தன. காமராசனின் பெயர் வானம்பாடிக் கவிஞர்களோடு சேர்த்தே பேசப்படுவது வழக்கம். எழுத்து மரபினர் இக்கவிஞர்கள்மீது வைத்த குறைகள் இரண்டு: குரல் உரத்தது, உருவகம் மிகையானது. இவ்விரண்டு குறைகளையும் காமராசனிடமும் காணலாம். ஆனால் இவற்றைச் சொல்லி அவரைக் கடந்துவிட்டால், அவர் செய்த உண்மையான சோதனை கண்ணில் படாமற் போய்விடும். அச்சோதனை அடியை உடைப்பதிலோ சீரைச் சிதைப்பதிலோ நிகழவில்லை. ஒரு பிரதிப்பெயரில் நிகழ்ந்தது. அதனை விளங்கிக்கொள்ள, கவிஞர் வளர்ந்த நிலத்தையும் காலத்தையும் முதலில் காண வேண்டும்.

மலையும் எல்லையும்

போடிநாயக்கனூர் மலையடிவாரத்து ஊர். கொட்டகுடி ஆறு மேற்குமலையிலிருந்து இறங்கி இவ்வட்டாரத்தை நனைக்கின்றது. ஒரு பக்கம் குரங்கணி, மறுபக்கம் போடிமெட்டு. மெட்டுச்சாலையின் கொண்டையூசி வளைவுகளைக் கடந்தால் ஏலமலை. ஆண்டாண்டு காலமாக அம்மலைத் தோட்டங்களின் உழைப்பு அடிவாரத்து ஊர்களிலிருந்தே ஏறிச் செல்கின்றது. விடியலில் ஜீப்பில் ஏறும் பெண்கள் பொழுது சாயும் வேளையில் இறங்கி வருகின்றனர். விளைந்த காய் இவ்வூருக்கே வந்து சேர்கின்றது. நறுமணப் பொருட்கள் வாரியத்தின் ஏலக்காய் ஏலம் நடைபெறும் இரண்டு ஊர்கள் போடிநாயக்கனூரும் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியும் ஆகும்.

1956ஆம் ஆண்டு மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தோடு சேர்ந்தன. அப்போது காமராசன் பதினான்கு அகவை நிரம்பாத சிறுவர். உழைப்போர் வாழும் ஊர் ஒரு மாநிலத்திலும், அவர்கள் உழைக்கும் நிலம் மற்றொரு மாநிலத்திலும் அமைந்தன. எல்லை என்பது இவ்வட்டார மக்களுக்கு நிலப்படத்தில் மட்டும் காணும் கோடு அன்று. நாள்தோறும் இருமுறை கடக்கும் இடம். ‘இந்தப் பக்கத்தார்’, ‘அந்தப் பக்கத்தார்’ என்னும் பிரிவினையின் பொருளை இங்கே பிறந்தவர்க்கு நூல்கள் கற்பிக்க வேண்டியதில்லை.

இவ்வட்டாரம் மேற்படிப்புக்கு மதுரையையே நோக்கியிருந்தது. 1928இல் அமைந்த மீட்டர்பாதை ரயில் போடியையும் மதுரையையும் இணைத்தது. அப்பாதை 2010ஆம் ஆண்டின் இறுதியில் மூடப்பட்டு, அகலப்பாதையாகி, 2023இல்தான் மீண்டும் போடி வரை ரயில் வந்தது. காமராசன் மாணவராயிருந்த நாளில் அது உயிரோட்டமுள்ள பாதை. மலையடிவாரத்து இளைஞர்கள் மதுரைக் கல்லூரிகளுக்குச் சென்றனர். அவர்களுள் அவரும் ஒருவர்.

மதுரையும் சிறையும்

மதுரை தியாகராசர் கல்லூரி அந்நாளில் தமிழ் உணர்வின் பாசறையாக விளங்கிற்று. அங்கே தமிழ் இலக்கியம் பயின்ற காமராசன், இலக்கணத்தையும் யாப்பையும் முறையாகக் கற்றவர். இதனை நினைவிற் கொள்வது இன்றியமையாதது. மரபு அறியாமையால் மரபை மீறியவர் அல்லர் அவர். அவருடைய கருவிகள் புலவர் மரபின் கருவிகளே.

அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து பதினைந்து ஆண்டுகள் முடியும் 1965ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள், இந்தி நடுவணரசின் ஆட்சிமொழியாகும் நிலை ஏற்பட்டது. தமிழகமெங்கும் மாணவர்கள் கிளர்ந்தெழுந்தனர். மதுரையில் அரசியலமைப்பின் ஆட்சிமொழி பற்றிய பதினேழாம் பகுதி எரிக்கப்பட்டது. அப்போராட்டத்தில் முன்னின்று சிறை சென்ற மாணவர்களுள் காமராசனும் கா. காளிமுத்துவும் குறிப்பிடத்தக்கவர்கள். காளிமுத்து பின்னாளில் அமைச்சராகவும், 2001 முதல் 2006 வரை சட்டப்பேரவைத் தலைவராகவும் உயர்ந்தார். காமராசனின் பாதை பெரிதும் கவிதையின் வழியே சென்றது.

சிறை சென்ற மாணவர் ஒருவர் கவிஞரானால், தம் துன்பத்தையும் தம் இனத்தின் துன்பத்தையும் பாடுவார் என்றே எவரும் எதிர்பார்ப்பர். அவ்வாறு பாடுவது எளிது; அதற்குக் கைத்தட்டலும் காத்திருந்தது. காமராசனும் மொழியைப் பாடினார், தலைவர்களையும் பாடினார். ஆனால் 1970களின் தொடக்கத்தில் வெளிவந்த அவருடைய ‘கறுப்பு மலர்கள்’ தொகுப்பு நிலைத்து நிற்பதற்குக் காரணம் அப்பாடல்கள் அல்ல. எந்த மேடையிலும் இடம்பெறாத மாந்தரை அது கவிதைக்குள் அழைத்தது. விலைமகளிர் அதில் வந்தனர். ‘அலி’ என்று ஊரார் இழித்துரைத்தோர் வந்தனர். மொழிக்காக எரித்த கை, மொழி தன் மக்களுள் சிலரை எங்கே நிறுத்தியுள்ளது என்று வினவிற்று. தமிழைக் காத்தலும் தமிழைக் கேள்வி கேட்டலும் ஒருவரிடத்தே கூடிவந்தமை காமராசனின் தனித்தன்மை.

தமக்கென ஈறு இல்லாதவர்

‘கறுப்பு மலர்கள்’ தொகுப்பில் ‘காகிதப் பூக்கள்’ என்னும் கவிதை புகழ் பெற்றது. இன்று திருநங்கையர் என மதிப்போடு சுட்டப்பெறுவோரின் கூற்றாக அமைந்தது அக்கவிதை. அந்நாளில் ‘திருநங்கை’ என்னும் சொல் வழக்கில் இல்லை. கேலிச்சொற்களே வழக்கில் இருந்தன. உருவம் உண்டு, மணம் இல்லை எனக் காகிதப்பூவைக் கருதும் பொதுப்புத்தியைத் தலைப்பிலேயே வைத்து, அப்பூவையே பேச வைத்தார் கவிஞர். புணர்ச்சி இலக்கணத்தில் மாணவர் அஞ்சும் சந்திப்பிழை என்னும் சொல்லை எடுத்து, ஓசையால் அதனோடு ஒட்டிய சந்ததி என்னும் சொல்லோடு பிணைத்து, பிறப்பைப் பற்றிய முறையீடாக மாற்றினார். யாப்பை அவர் முற்றும் துறக்கவில்லை. சந்தம் உண்டு, எதுகை மோனைகளும் உண்டு. வடிவத்தை மட்டும் நோக்குவோர் இதில் என்ன சோதனை என வினவுவர்.

விடை இலக்கணத்திலேயே உள்ளது. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கத்தில், ஆண்மை திரிந்தோரைக் குறிக்கும் பெயர்களைப் பற்றி விதி செய்கின்றார். அப்பெயர்கள் உயர்திணையைச் சாரும் என்கின்றார். ஆனால் அவற்றின் பாலை உணர்த்தும் ஈறு அவற்றிற்கெனத் தனியே இல்லை என்றும், உயர்திணைக்குரிய ஏனை ஈறுகளைக் கொண்டே அவை முடியும் என்றும் கூறுகின்றார். அவற்றுக்கு ஆண்பால் ஈறு பொருந்தாது எனப் பிறிதொரு நூற்பாவும் உண்டு. நன்னூலாரும் இப்பொருளை எடுத்துரைக்கின்றார். இவ்விதிகளில் இரண்டு செய்திகள் உள. ஒன்று, ஈராயிரம் ஆண்டுகட்கு முற்பட்டதாகக் கருதப்பெறும் மரபில் இம்மாந்தர் அஃறிணையில் தள்ளப்படாமல் உயர்திணையிலேயே வைக்கப்பெற்றுள்ளனர். மற்றொன்று, உயர்திணையில் இடம் இருந்தும் தமக்கென ஓர் ஈறு அவர்களுக்கு இல்லை. பிறர்க்குரிய வீட்டில் ஒதுங்கி வாழும் நிலையை இலக்கணமே அவர்களுக்கு வகுத்துவிட்டது.

படர்க்கையில் அவர்களைப் பற்றி எழுத முற்படும் எந்தத் தமிழ்க் கவிஞரும் இச்சுவரில் மோதுவார். ‘வந்தான்’ என்பதா, ‘வந்தாள்’ என்பதா? ‘வந்தது’ என்பதோ கொடுமையிலும் கொடுமை. ‘வந்தார்’ என்னும் பலர்பால் மரியாதையும் ஒருவகை ஒதுக்கமே. காமராசன் இச்சுவரை எவ்வாறு கடந்தார் என்பது நுணுகி நோக்கத்தக்கது. அவர் படர்க்கையை விட்டுத் தன்மைக்கு வந்தார். ‘நாங்கள்’ என்று பேசினார்.

தமிழில் தன்மைக்கும் முன்னிலைக்கும் பால் வேறுபாடு இல்லை. ‘நான்’ என்பது ஆணுக்கும் உரியது, பெண்ணுக்கும் உரியது, இரண்டிலும் அடங்காதவர்க்கும் உரியது. தமக்கென ஈறு இல்லாத மாந்தர் எந்த ஈற்றையும் கடன் கேளாமல் நிற்கக்கூடிய இடம் தமிழில் தன்மையிடம் ஒன்றே. கவிஞர் இதனை எண்ணித் தேர்ந்தாரா, உணர்வின் உந்துதலால் வந்து சேர்ந்தாரா என்னும் வினா இங்கே தேவையற்றது. கவிதையில் அது நிகழ்ந்துள்ளது, அதுவே போதும்.

மேலும் ஒன்று. தமிழில் தன்மைப் பன்மை இரண்டு. கேட்போரையும் உளப்படுத்துவது ‘நாம்’. கேட்போரை விலக்கி நிறுத்துவது ‘நாங்கள்’. பல மொழிகளில் இவ்வேறுபாடு இல்லை. இது தமிழ்க் கவிஞர்க்குக் கிடைத்த பேறு. மேடைக் கவிதையின் இயல்பான சொல் ‘நாம்’. அது கூட்டத்தைத் தன்னுள் சேர்த்துக்கொள்ளும், கூட்டமும் மகிழும். காமராசன் அந்த வசதியைத் துறந்தார். ‘நாங்கள்’ என்று கவிதை பேசும்போது படிப்பவர் வெளியே நிற்கின்றார். கேலி செய்தவர், கண்டும் காணாமற் சென்றவர், கடைவாசலில் காசை எறிந்தவர் ஆகிய அனைவரும் அந்தச் சொல்லுக்கு எதிரே நிற்க நேர்கின்றது. ‘நாம் அனைவரும் ஒன்று’ என்று முடித்திருந்தால் படிப்பவர் எளிதில் தப்பியிருப்பார். ஒரு பிரதிப்பெயரைத் தேர்ந்ததன் வாயிலாக அத்தப்புவழியை அவர் அடைத்தார். இதுவே அவருடைய சோதனை.

கடல் கடந்த ஓர் ஒப்புமை

இதே காலத்தில் கவிதை எழுதத் தொடங்கிய அயல்நாட்டுக் கவிஞர் ஒருவரை இங்கே ஒப்பிட்டுக் காண்பது பயன் தரும். சூசன் ஹவ் 1937இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்தவர். அவர்தம் தாய் மேரி மேனிங் அயர்லாந்தின் டப்ளின் நகரத்தவர், நடிகையும் நாடகாசிரியருமானவர். தந்தை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியர். ஓவியராகத் தொடங்கிய சூசன் ஹவ், 1974இல் முதல் கவிதைநூலை வெளியிட்டார். இரு நாடுகளின் நினைவையும் சுமந்தவராதலால், வெற்றி பெற்றோர் எழுதி வைத்த வரலாற்றில் விடுபட்ட குரல்களைத் தேடுவதே அவர் வாழ்நாட் பணியாயிற்று. பழைய ஏடுகளின் ஓரக்குறிப்புகளையும் அடித்தல் திருத்தல்களையும் அவர் கவிதையின் பொருளாக்கினார். எமிலி டிக்கின்சனின் கையெழுத்துப்படிகளைப் பதிப்பாசிரியர்கள் ஒழுங்குபடுத்தியபோது அழிந்தவை யாவை என்று வினவினார். 1985இல் வெளிவந்த அவருடைய டிக்கின்சன் பற்றிய நூல் பெரிதும் பேசப்பட்டது. 2011இல் பொல்லிங்கன் பரிசு அவருக்குக் கிடைத்தது.

சூசன் ஹவ் எழுதிய சில பக்கங்களில் வரிகள் சாய்ந்திருக்கும், ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும், தலைகீழாகவும் நிற்கும். படிக்க இயலாமையே அங்குப் பொருளாகின்றது. அடக்கப்பட்ட குரல் தெளிவாக ஒலித்துவிடாது என்பது அவர் கொள்கை. காமராசனின் கவிதையோ பாமரர்க்கும் ஒரே கேள்வியில் விளங்கும். ஒருவர் பக்கத்தை உடைத்தார். மற்றவர் பக்கத்தை உடைக்காமல் பேசுபவரை மாற்றினார். நூலகத்தின் மௌனத்தில் ஒருவர் தேடினார்; கடைத்தெருவின் இரைச்சலில் ஒருவர் தேடினார். இருவரும் தேடியது ஏட்டில் இடம்பெறாதவரையே. ஆகவே சோதனை என்பதற்குப் பக்கத்தின் தோற்றம் ஒன்றையே அளவுகோலாகக் கொள்வது போதாது என்பது இவ்வொப்புமையால் பெறப்படும்.

பிழை என்னும் சொல்

ஒரு கவிஞருக்குச் செய்யும் மரியாதை அவரைப் புகழ்ந்து முடிப்பதில் இல்லை. காமராசனின் சோதனை தடைபட்ட இடமும் உண்டு. ‘நாங்கள்’ என்னும் தன்மைச் சொல் விடுதலை தந்தது. ஆனால் அச்சொல்லின் பயனிலையாக வந்தது ‘பிழை’. தம்மைப் பிழை என்று தாமே கூறிக்கொள்ளும் குரலாக அது அமைந்துவிட்டது. பிறப்பில் குற்றம் கண்டவர் ஊரார்; அவ்வளவுகோலை அம்மாந்தரின் வாயிலேயே வைத்தது கவிதை. இரக்கம் மிகுதியாக உள்ளது. உரிமை குறைவாக உள்ளது. படிப்பவர் கண்கலங்குகின்றார், கண்கலங்கியபின் தம் பொறுப்பு முடிந்ததாகக் கருதிவிடவும் இடம் உண்டு.

காலம் இதற்கு விடை அளித்தது. ரேவதியின் ‘உணர்வும் உருவமும்’ வெளிவந்தது. 2007இல் லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், வித்யா’ வெளிவந்தது. கல்கி சுப்ரமணியம் தம் கவிதைகளைத் தாமே எழுதி வெளியிட்டார். 2008ஆம் ஆண்டு ஏப்ரலில் தமிழ்நாட்டரசு நல வாரியம் ஒன்றை அமைத்தது. 2014ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் இந்திய உச்சநீதிமன்றம், தம் பாலினத்தைத் தாமே உரைக்கும் உரிமை அவரவர்க்கே உண்டு என்று தீர்ப்பளித்தது. கடன்வாங்கிய ‘நாங்கள்’ இப்போது சொந்தமான ‘நான்’ ஆயிற்று. வித்யாவின் நூற்பெயரிலேயே அச்சொல் முன்நிற்பது கருதத்தக்கது. இந்த ‘நான்’ தன்னைப் பிழை என்று சொல்லவில்லை.

இதனால் காமராசனின் கவிதை பயனற்றதாயிற்று என்று கூறுதல் பொருந்தாது. தாமே எழுதும் வாய்ப்பு அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்த காலத்தில் அந்தத் தன்மையிடத்தைத் தமிழ்க் கவிதையில் திறந்து வைத்தது அது. திறந்த கதவின் வழியே வந்தவர்கள் அதன் நிலைப்படியைத் திருத்தினர். பிறர் குரலில் பேசும் கவிதைக்கு இதைவிட நல்ல முடிவு வேறு இருக்க இயலாது: உரியவர் வந்து, ‘இனி நாங்களே பேசுகின்றோம்’ என்று உரைப்பதே அது.

தலைப்புகள் காட்டும் வழி

காமராசனின் நூற்பெயர்களைத் தொகுத்து நோக்கினால் அவர் மனத்தின் இயக்கம் ஓரளவு புலப்படும். ‘கறுப்பு மலர்கள்’, ‘தாஜ்மகாலும் ரொட்டித் துண்டும்’, ‘சுதந்திர தினத்தில் ஒரு கைதியின் டைரி’, ‘சகாராவைத் தாண்டாத ஒட்டகங்கள்’. மலருக்குக் கறுப்பு, தாஜ்மகாலுக்கு அருகே ரொட்டித் துண்டு, சுதந்திர நாளில் கைதி, பாலையைத் தாண்டாத ஒட்டகம். ஒவ்வொன்றிலும் பொருந்தாத இரண்டு பொருள்கள் ஒரே அறையில் பூட்டி வைக்கப்படுகின்றன. அழகும் பசியும் முகத்தோடு முகம் நோக்குகின்றன. உருவகம் மிகை என்று கூறுவோர், இந்த முரண்தொடையின் வேலையை மறந்துவிடலாகாது.

பிறிதொன்றும் இங்குக் காணத்தக்கது. ரொட்டி, டைரி, சகாரா ஆகியன தமிழ் அல்லாத சொற்கள். மொழிக்காகச் சிறை சென்றவர் நூலின் முகப்பிலேயே அச்சொற்களைத் தயக்கமின்றி ஏற்றார். திணிக்கப்படும் மொழியை எதிர்ப்பதும், மக்கள் நாவில் ஊறிய சொல்லை ஏற்பதும் அவருக்கு முரணாகத் தோன்றவில்லை. எதிர்ப்பு ஆதிக்கத்தின்மேல், சொல்லின்மேல் அன்று. இன்று மொழித்தூய்மை பற்றி வழக்காடும் இளம் பாவலர்கள் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

திரையும் பதவியும்

காமராசன் உத்தமபாளையம் கல்லூரியில் சில காலம் தமிழாசிரியராகப் பணியாற்றினார். பின்னர் எம்.ஜி.ஆர். அவரைத் திரையுலகிற்கு அழைத்தார். 1975இல் ‘பல்லாண்டு வாழ்க’, 1976இல் ‘நீதிக்குத் தலைவணங்கு’ ஆகிய படங்களில் அவர் எழுதிய பாடல்கள் இன்றும் வானொலியில் ஒலிக்கின்றன. ‘பல்லாண்டு வாழ்க’ திரைப்படம், வி. சாந்தாராமின் 1957ஆம் ஆண்டு இந்திப்படத்தின் தழுவல். ஆறு சிறைக்கைதிகளை அன்பால் திருத்த முயலும் அதிகாரியின் கதை. இந்தித் திணிப்பை எதிர்த்துச் சிறை கண்டவர், இந்தியில் பிறந்த சிறைக்கதை ஒன்றுக்குத் தமிழில் பாட்டு எழுதினார். மேலே கூறிய கருத்துக்கு இதுவும் ஒரு சான்று. கலைமாமணி விருதும், கதர் வாரியத் துணைத்தலைவர் பொறுப்பும் பின்னர் அவரை வந்தடைந்தன.

திரையும் கட்சியும் அவர் கவித்துவத்தைக் கெடுத்தன என்று கூறுவோர் உண்டு. மெட்டுக்கு எழுதும்போது ‘நாங்கள்’ என்னும் கூர்மை மழுங்கி, காதலின் ‘நான்’, ‘நீ’ ஆகியனவே எஞ்சின என்பது ஓரளவு உண்மை. ஆயினும் தமிழகத்தில் கவிதையை மட்டும் நம்பி உண்ண இயலுமா என்னும் வினாவை எழுப்பாமல் அக்குறையை மட்டும் சொல்வது நீதி ஆகாது. கவிதை சோறு போடாத நாட்டில் கவிஞர் சோறு தேடிச் சென்ற இடத்தைப் பழிப்பதில் பொருள் இல்லை. அவரைப் பாடலாசிரியராக மட்டும் நினைவில் வைத்துக் ‘கறுப்பு மலர்க’ளை மறந்துவிடுவதே பழிக்கத்தக்கது. அம்மறதி இவ்வட்டாரத்திலேயே நேருமாயின் வேறு எங்கும் நினைவை எதிர்பார்க்க இயலாது.

எஞ்சி நிற்கும் பணி

ஏலச்செடி ஆளுயரத்திற்கு மேலும் வளரும். ஆனால் அதன் பூவும் காயும் உச்சியில் இல்லை. தூரிலிருந்து கிளைத்துத் தரையோடு படர்ந்த சரங்களிலேயே அது பூக்கின்றது. காய்கள் ஒரே நாளில் முற்றுவதில்லை. ஆகையால் ஏறத்தாழ மாதத்திற்கொரு முறையோ சற்றுக் கூடுதலான இடைவெளியிலோ மீண்டும் மீண்டும் பறிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் குனிய வேண்டும், அல்லது ஈரத்தரையில் அமர வேண்டும். ஸ்டோரில் உலர்ந்த காய் அடிவாரத்திற்கு வந்ததும் சலித்து, பொறுக்கி, பருமனால் ரகம் பிரிப்பதும் பெரும்பாலும் பெண்களே. எட்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட காய்க்கு ஏலத்தில் விலை அதிகம். அக்காயைப் பறித்த முதுகுக்கு அங்கே ரகமும் இல்லை, விலையும் இல்லை.

இப்பெண்களைப் பற்றிய கவிதைகள் இவ்வட்டத்தில் படிக்கப்படும்போது அவை பெரும்பாலும் படர்க்கையில் அமைவதைக் காணலாம். ‘அவள் மலையேறுகின்றாள்’, ‘அவள் விரல்கள் மணக்கின்றன’ என்னும் போக்கில் அவை செல்லும். காண்பவர் சாலையோரம் நிற்கின்றார். ஜீப் கடந்து செல்கின்றது. காமராசன் விட்டுச் சென்ற பாடம் இங்குதான் பயன்படும். படர்க்கையிலிருந்து தன்மைக்கு வருவது முதற்படி. அந்தத் தன்மை, படிப்பவரைத் தன்னுள் சேர்த்து ஆறுதல் தரும் ‘நாம்’ ஆகாமல், எதிரே நிறுத்திக் கேள்வி கேட்கும் ‘நாங்கள்’ ஆதல் இரண்டாம் படி. ஆனால் ரேவதியும் வித்யாவும் கற்பித்த மூன்றாம் படியும் உண்டு. அந்த ‘நாங்கள்’ இரவலாகவே நீடித்துவிடக்கூடாது. பறிப்பவரே எழுதுவதற்கும், எழுதியதை இம்மேடையில் படிப்பதற்கும் வழி செய்தல் வேண்டும். கவியரங்கம் மாலை ஆறு மணிக்குத் தொடங்கினால் ஜீப்பில் இறங்குபவர் அதற்கு வர இயலாது. நேரத்தை மாற்றுவதும் ஒரு சோதனைதான்.

பத்தாண்டு என்பது ஓர் இலக்கிய வட்டத்திற்குச் சிறு காலம் அன்று. இதுவரை இவ்வட்டம் கவிஞர்களை ஒன்று சேர்த்தது. இனிவரும் பத்தாண்டில் கவிதைக்குள் இதுகாறும் வாராதவரை அழைக்குமாயின், போ. மீனாட்சிபுரத்துக் கவிஞருக்குச் செய்யும் சிறப்பு அதுவே ஆகும். அவருடைய படத்திற்கு மாலை சூட்டுவது எளிது. அவர் தேர்ந்த பிரதிப்பெயரை ஏற்று, அதனை உரியவர் கையில் ஒப்படைப்பது அரிது. அரியதைச் செய்யும் ஆற்றல் இவ்வவைக்கு உண்டு.